கருவிக்கு முன் கோப்பைப் பாருங்கள்: வலை வடிவமைப்பு மென்பொருள்கள் குறித்து ஓர் ஒப்பீடு

வலை வடிவமைப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்பவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியின் முன் நின்றுவிடுகிறார்கள்: எந்த மென்பொருளைக் கற்பது, எதற்குப் பணம் கட்டுவது? பல ஆண்டுகள் தொழிலில் இருப்பவர்களுக்கும் சந்தாவைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போதெல்லாம் அதே கேள்வி திரும்ப வருகிறது. பெரும்பாலானோர் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் எந்தப் பெயர் அதிகம் தென்படுகிறதோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். வேலை தேடுபவருக்கு அது நியாயமான காரணம்தான். ஆனால் ஒரு கருவியோடு ஐந்து, பத்து ஆண்டுகள் காலந்தள்ளப் போகிறவருக்கு அந்த ஒரு காரணம் போதாது. நான் இரண்டு அளவுகோல்களை வைத்துப் பார்க்கிறேன். அந்த மென்பொருளை விட்டு வெளியேறும் நாளில் என் வேலை என்னோடு வருமா என்பது முதலாவது. அதில் நான் எடுக்கும் முடிவுகள் உலாவியில் அப்படியே நிற்குமா என்பது இரண்டாவது. வசதிகளின் பட்டியலுக்கு மூன்றாவது இடம்தான் தருகிறேன், ஏனெனில் ஒரு மென்பொருளில் வரும் வசதி ஓரிரு ஆண்டுகளில் மற்றவற்றிலும் வந்துவிடுகிறது.

முதல் அளவுகோலின் அருமை ஒரு பழைய கோப்புறையைத் திறந்தபோதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் தளம் அமைத்துக் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர், தமது சின்னத்தின் நிறத்தைச் சற்று அடர்த்தியாக்கி, முகப்புப் பக்கத்தின் மேற்பகுதியையும் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார். பக்கங்களின் மூல வரைவு, இப்போது விற்பனையில் இல்லாத ஒரு மென்பொருளின் தனி வடிவத்தில் இருந்தது. என் கணினியில் இருந்த எந்த நிரலாலும் அதைத் திறக்க முடியவில்லை. சின்னம் மட்டும் எஸ்விஜி கோப்பாக (படத்தை உரையாகவே எழுதிவைக்கும் திறந்த வடிவம்) இருந்தது. அதைச் சாதாரண உரைத் தொகுப்பானில் திறந்தேன். மொத்தம் பதினெட்டு வரிகள். நிறத்தைக் குறிக்கும் ஆறெழுத்துக் குறியீடு மூன்று இடங்களில் இருந்தது. மூன்றையும் மாற்றிச் சேமித்ததும் சின்னத்தின் வேலை முடிந்தது. முகப்புப் பக்கத்தையோ தளத்தைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து மீண்டும் வரைந்தேன். அதற்கு இரண்டு நாள்கள் பிடித்தன.

இது ஏதோ ஒரு மென்பொருளுக்கு நேர்ந்த விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். வலைக்கென்றே உருவாக்கப்பட்ட ஃபயர்வொர்க்ஸை மேக்ரோமீடியா நிறுவனம் 1998-இல் வெளியிட்டது. 2005-இல் அந்நிறுவனத்தையே அடோபி வாங்கியது; 2013 மே மாதத்தில் ஃபயர்வொர்க்ஸுக்குப் புதிய பதிப்பு இனி வராது என்று அறிவித்தது. ஃபயர்வொர்க்ஸ் தன் மூலக் கோப்பைப் பிஎன்ஜி வடிவத்திலேயே சேமித்து வந்தது. ஆகவே அந்தக் கோப்புகள் இன்றும் எந்தக் கணினியிலும் படமாகத் திறக்கும். ஆனால் லேயர்களும் திருத்தக்கூடிய எழுத்துகளும் ஃபயர்வொர்க்ஸுக்கு மட்டுமே புரியும் பகுதியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவது தட்டையான படம் மட்டுமே. 2017-இல் முதல் முழுப் பதிப்பாக வந்த அடோபி எக்ஸ்டி, 2023-க்குள் பராமரிப்பு மட்டும் செய்யப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டது. மாதிரிகளை வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு காலத்தில் பெரிதும் பயன்பட்ட இன்விஷன் 2024-ஆம் ஆண்டின் முடிவில் தன் சேவையை மூடிக்கொண்டது. நல்ல கருவிகளும் சாகின்றன என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

அடோபியின் தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நம் தொழிலின் பழக்கங்களில் பாதி அங்கிருந்தே வந்தவை. ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990 பிப்ரவரியில் வந்தது. புகைப்படத்தைத் திருத்துவதிலும், நிறங்களைச் சமன்செய்வதிலும், பல படங்களை ஒன்றாக இணைப்பதிலும் அதற்கு இணையான கையாளுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அச்சு வேலையும் வலை வேலையும் ஒரே மேசையில் நடக்கும் இடங்களில் வரைகலைக்கான இல்லஸ்ட்ரேட்டர், பக்க அமைப்புக்கான இன்டிசைன் ஆகியவற்றோடு அது சேர்ந்து இயங்கும் விதம் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதற்கான விலை சந்தா. 2012-இல் வந்த சிஎஸ்6 தொகுப்புதான் ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பு; மறு ஆண்டே புதிய பதிப்புகள் அனைத்தும் சந்தாவுக்கு மட்டுமே என்று நிறுவனம் அறிவித்துவிட்டது.

சந்தாவில் மாதத் தொகையைவிட என்னை அதிகம் உறுத்துவது, நாம் ஏற்கெனவே முடித்த வேலையின் மீதும் அது கை வைக்கக்கூடும் என்பதே. 2022-இன் இறுதியில், அச்சுத் தொழிலில் பயன்படும் பான்டோன் நிறத் தொகுப்புகள் ஃபோட்டோஷாப்பிலிருந்து நீக்கப்பட்டு, அவற்றுக்குத் தனிக் கட்டணம் வந்தபோது, பழைய கோப்புகளைத் திறந்த பலர் தாங்கள் தேர்ந்திருந்த நிறங்களின் இடத்தில் கறுப்பைக் கண்டனர். ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் செலுத்துவோர் இடையில் விலகினால் கட்டவேண்டிய தொகையைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூன் மாதத்தில் அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. படத் திருத்தமும் அச்சும் உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு என்றால் இவற்றையெல்லாம் கணக்கில் வைத்துக்கொண்டு அடோபியையே தேர்ந்துகொள்ளலாம். வலைப்பக்கம் வரைவதற்காக மட்டும் அதற்குச் சந்தா கட்ட வேண்டிய தேவை இன்று இல்லை.

வலைப்பக்கத்தை ஃபோட்டோஷாப்பில் முழுதாக வரைந்து, துண்டு துண்டாக வெட்டி, அட்டவணைக் கட்டங்களுக்குள் அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. அட்டவணை போய்விட்டது, வெட்டுவதும் போய்விட்டது. ஆனால் பக்கம் என்பது குறிப்பிட்ட அகலமுள்ள ஒரு படம் என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை. 2010 மே மாதத்தில் ஈத்தன் மார்காட் என்ற வலை வடிவமைப்பாளர் திரைக்கேற்ப நெகிழும் வடிவமைப்பை முன்வைத்தபோதே அந்த எண்ணம் கைவிடப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் ஒரு படத்துக்குப் பதிலாக மூன்று படங்கள் வரையத் தொடங்கினோம், அவ்வளவுதான். கணினிக்கு 1440 பிக்சல், டேப்லெட்டுக்கு 768, கைப்பேசிக்கு 390 என்று ஃப்ரேம்களை (வரைவுச் சட்டங்களை) வரிசையாக வைத்து, இடைப்பட்ட அகலங்களை நிரலாளரின் ஊகத்துக்கு விட்டுவிடும் இந்தப் பழக்கத்தை எந்தக் கருவி குறைக்கிறது, எது வளர்க்கிறது என்பதே என் இரண்டாவது அளவுகோலின் உள்ளடக்கம்.

ஸ்கெட்ச் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 2010-இல் வந்த இந்த மென்பொருள், திரை வடிவமைப்புக்குப் புகைப்பட மென்பொருள் தேவையில்லை என்று தொழிலுக்கே காட்டிக்கொடுத்தது. 2017-இல் அது தன் கோப்பு வடிவத்தைத் திறந்துவிட்டது. கோப்பை ஜிப் போல விரித்தால் உள்ளே படிக்கக்கூடிய ஜேசன் உரை கிடைக்கிறது. முதல் அளவுகோலில் இது நல்ல மதிப்பெண். எனினும் அது மேக் கணினியில் மட்டுமே இயங்குகிறது. அணியில் ஒருவர் விண்டோஸ் வைத்திருந்தாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தனியாக, மேக்கில், இணையத்தைச் சாராமல் வேலை செய்பவர்களுக்கு அது இன்றும் நிம்மதியான தேர்வு.

இன்றைய உண்மையான போட்டி ஃபிக்மாவோடுதான். டிலன் ஃபீல்ட், எவன் வாலஸ் இருவரும் 2012-இல் தொடங்கிய நிறுவனம் 2016-இல் அதைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. உலாவிக்குள்ளேயே முழு வரைகலை மென்பொருளும் இயங்கும் என்பதைப் பலர் அப்போது நம்பவில்லை. ஃபிக்மா வென்றது வரையும் வசதியால் அல்ல என்பது என் கணிப்பு. ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகளுக்குப் பெயர் வைத்து மின்னஞ்சலில் சுற்றவிட்ட பழக்கத்தை அது ஒரே வீச்சில் ஒழித்தது. ஒரே முகவரி, எழுதுபவர், நிரல் எழுதுபவர், வாடிக்கையாளர், வடிவமைப்பாளர் என எல்லோரும் அதே பக்கத்தில், ஒரே நேரத்தில். எழுத்தாளர் தலைப்பை மாற்றுவதை நான் என் திரையில் பார்த்துக்கொண்டே அதற்கேற்ப இடைவெளியைச் சரிசெய்திருக்கிறேன். கூட்டு வேலையில் இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அதற்கு முந்தைய காலத்தில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

அதன் ஆட்டோ லேஅவுட் வசதி, வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்-இன் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறையை (உள்ளடக்கத்துக்கேற்ப நெகிழும் வரிசை அமைப்பு) ஒத்தது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தும் வரைவில் பொத்தானுக்குள் இருக்கும் சொல் நீண்டால் பொத்தானும் நீளும். ‘லாகின்’ என்ற சொல்லை அளந்து வரைந்த பொத்தானில் ‘உள்நுழைக’ என்று இட்டுப் பார்த்தால் இந்த வசதியின் பயன் உடனே தெரியும். நிலையான அகலத்தில் வரைந்தவரின் பொத்தானில் எழுத்துகள் விளிம்பை முட்டி நிற்கும். ஆனால் கருவி இருப்பதாலேயே பழக்கம் மாறிவிடுவதில்லை: ஃபிக்மாவில் எனக்கு வந்துசேரும் கோப்புகளில் கணிசமானவை இன்னும் கையால் நகர்த்தி அடுக்கப்பட்டவையாகவே இருக்கின்றன. தோற்றத்துக்கு நேர்த்தியான, அசைத்தால் குலைந்துபோகும் வரைவுகள் அவை.

ஃபிக்மாவின் பலவீனம் முதல் அளவுகோலில் இருக்கிறது. வேலை முழுவதும் அதன் சேவையகத்தில் உள்ளது. கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் ‘ஃபிக்’ கோப்பு, வெளியிலிருந்து படிக்கும்படி எழுதப்படாத பைனரி வடிவம். திரும்ப ஃபிக்மாவிலேயே ஏற்றினால்தான் அது முழுப் பயன் தரும். நிறுவனத்தின் போக்கு நம் கையில் இல்லை என்பதையும் அண்மைய ஆண்டுகள் காட்டிவிட்டன. 2022 செப்டம்பரில் அடோபி அதை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் போட்டி குறைந்துவிடும் என்று எதிர்ப்புக் காட்டியதால் 2023 டிசம்பரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டு, அடோபி 100 கோடி டாலர் விலகல் தொகை செலுத்த நேர்ந்தது. அந்தப் பதினைந்து மாதங்கள், அடோபியிடமிருந்து விலகி ஃபிக்மாவுக்கு வந்தவர்கள் தம் கோப்புகள் மீண்டும் யார் கைக்குப் போகும் என்று காத்திருந்த மாதங்கள். 2023-இல் இலவசச் சோதனையாக வந்த, நிரலாளருக்கான டெவ் மோடு, 2024 தொடக்கத்தில் கட்டண வசதியானது. எந்த வணிக நிறுவனமும் செய்வதுதான் இது, குற்றமில்லை. ஆனால் இன்றைய இலவசத்தை நிரந்தர விலையாகக் கணக்கில் எழுதிக்கொள்வது நம் தவறாகிவிடும்.

பென்பாட் இந்த இடத்தில்தான் கவனத்துக்கு உரியதாகிறது. ஸ்பெயினைச் சேர்ந்த கலைடோஸ் நிறுவனம் உருவாக்கும் இந்தக் கட்டற்ற மென்பொருளை நம் சொந்தச் சேவையகத்திலேயே நிறுவிக்கொள்ளலாம். நான் இதை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் அடுக்குமுறைகள் சிஎஸ்எஸ்-ஐப் போன்றவை என்பதோடு நில்லாமல், சிஎஸ்எஸ்-இன் சொற்களிலேயே பேசுகின்றன: ஃபிளெக்ஸ் என்றால் ஃபிளெக்ஸ்தான், 2024 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பிலிருந்து கிரிட் (கட்ட அமைப்பு) என்றால் கிரிட்தான். நிரல் எழுதும் தோழரிடம் கோப்பைக் கொடுக்கும்போது மொழிபெயர்க்க வேண்டிய தேவை குறைகிறது. குறைகளும் உண்டு. பெரிய கோப்புகளில் அதன் வேகம் ஃபிக்மாவுக்கு ஈடாக எனக்கு அமைந்ததில்லை. செருகுநிரல்களும் ஆயத்த வடிவத் தொகுப்புகளும் குறைவு. சொந்தச் சேவையகம் வைத்துக்கொள்வதென்றால் அதைப் புதுப்பித்தும் காப்புப்பிரதி எடுத்தும் பராமரிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாத அணி, சொந்தச் சேவையகம் என்ற சொல்லின் கவர்ச்சிக்காக மட்டும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேசைக்கணினி மென்பொருள்களில் அஃபினிட்டியை நெடுங்காலம் பரிந்துரைத்து வந்தேன். 2014-இல் தொடங்கி ஒருமுறை விலையிலேயே விற்கப்பட்டு வந்தது அதற்கு முதன்மைக் காரணம். 2024-இல் இணைய வடிவமைப்பு நிறுவனமான கான்வா அதை வாங்கியது. 2025 அக்டோபரில் வரைகலை, படத் திருத்தம், பக்க அமைப்பு ஆகியவற்றுக்கான அதன் மூன்று மென்பொருள்களும் ஒன்றாக்கப்பட்டு, கான்வா கணக்கு வைத்திருப்போர்க்கு இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. தரத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய பொருளின் மீது இருந்த உரிமை இப்போது ஒரு கணக்கின் மீது நிற்கிறது; இவ்விரண்டும் ஒன்றல்ல என்றே நான் பார்க்கிறேன். கட்டற்ற வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பின் இயல்பான கோப்பு வடிவமே எஸ்விஜி; சின்னங்களுக்கும் ஐகான்களுக்கும் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கட்டற்ற படத் திருத்த மென்பொருளான கிம்ப்பின் 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு, மூலப் படத்தைக் கெடுக்காமல் ஃபில்டர்களைப் பின்னர் மாற்றும் வசதியைத் தந்திருக்கிறது. வலைக்கான படங்களைத் திருத்த அது இப்போது போதுமானது.

இனி, பட்டியலில் பலர் சேர்க்காத தேர்வுக்கு வருகிறேன்: உலாவியே வடிவமைப்புக் கருவி. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் சிஎஸ்எஸ் கிரிட் வந்துசேர்ந்தது. 2023 பிப்ரவரிக்குள் கன்டெய்னர் குவெரியும் எல்லா முக்கிய உலாவிகளிலும் கிடைத்தது. அதாவது, ஓர் அட்டை (படமும் தலைப்பும் அடங்கிய சிறு பெட்டி) தான் இருக்கும் இடத்தின் அகலத்தைப் பார்த்துத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ள முடியும். வரைபடத்தில் இதைக் காட்ட எத்தனை ஃப்ரேம்கள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு முறை நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். படம், தலைப்பு, இரண்டு வரிக் குறிப்பு, பொத்தான் கொண்ட ஓர் அட்டையை 1440-இலும் 390-இலும் வரைந்து, இரண்டுக்கும் ஒப்புதல் வாங்கியிருந்தோம். அதையே வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்-இல் எழுதி, உலாவிச் சாளரத்தின் விளிம்பைப் பிடித்து மெதுவாகக் குறுக்கினேன். 700 பிக்சலுக்கு அருகில் தலைப்பு மூன்றாவது வரிக்கு ஓடியது, பொத்தான் படத்துக்குக் கீழே நழுவியது, குறிப்பின் கடைசிச் சொல் தனியாகத் தொங்கியது. அந்த அகலத்தை எங்களில் எவரும் வரையவில்லை. ஆனால் கைப்பேசியைப் படுக்கையாகப் பிடித்துப் படிக்கும் ஒருவருக்கு ஏறக்குறைய அந்த அகலமே கிடைக்கிறது. தலைப்பின் எழுத்தளவைத் திரைக்கேற்ப மாறும்படி ஒரு வரி எழுதியதும் சிக்கல் தீர்ந்தது. அந்த ஒரு வரியை எந்த ஃப்ரேமிலும் என்னால் வரைந்து காட்டியிருக்க முடியாது.

எழுத்துகள் விஷயத்திலும் உலாவியே நம்பகமான சாட்சி. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகத்தைக் கொண்டு எழுத்துருக்களைக் கோப்பதால், தமிழின் கொம்புகளும் கால்களும் உரிய இடத்தில் விழுகின்றன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், உரை அமைப்பைத் தெற்காசிய எழுத்துமுறைகளுக்கு மாற்றாமல் தமிழை ஒட்டினால் ‘கெ’ என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். வரைவில் உடைந்து தெரிந்த எழுத்தைக் கண்டு வாடிக்கையாளர் எழுத்துருவையே நிராகரித்த கதைகள் நம் தொழிலில் உண்டு. அந்த எழுத்துரு உலாவியில் எந்தக் குறையும் இல்லாமல் நின்றிருக்கும்.

உலாவியில் நேரடியாக வடிவமைப்பதன் எல்லைகளை மறைக்க விரும்பவில்லை. நிரல் எழுத எளிதானவை மட்டுமே மனத்தில் தோன்றத் தொடங்கும். பத்து வகைகளை வரைந்து ஒன்பதைத் தூக்கிப்போடும் துணிச்சல் குறையும். நிரல் தெரியாத தோழர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். ஆகவே நான் தொடக்கத்தைத் தாளிலோ ஃபிக்மாவிலோ பென்பாட்டிலோ தளர்வாக வரைந்து, பொதுவான உருவம் தெரிந்த உடனேயே உலாவிக்கு மாறிவிடுகிறேன். மெருகேற்றும் வேலை அனைத்தும் அங்கேதான்: பொத்தானின் மேல் சுட்டி நிற்கும்போதும் விசைப்பலகையால் வந்து சேரும்போதும் அது எப்படி இருக்கும், எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால் எது உடையும், படம் வந்துசேரத் தாமதமானால் இடம் குதிக்குமா என்பவையெல்லாம் அங்கேதான் தெரியும்.

நிறத்திலும் இதே நிலைதான். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து வரைவில் நாகரிகமாகத் தெரிகிறது என்பதால் தொழிலெங்கும் பரவிய வழக்கமாகிவிட்டது. பார்வைக் குறைவு உள்ளோரும் படிக்கும்படி வகுக்கப்பட்ட அணுகுதன்மை நெறிமுறைப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும். #777777 என்ற சாம்பல் 4.48 தருகிறது, தேறாது. #767676 என்பது 4.54 தருகிறது, தேறுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. ஆகையால் கண்ணை நம்பி முடிவெடுக்கும் பழக்கத்தை விட்டு, இந்த அளவை வேலை நடக்கும்போதே காட்டும் கருவியைத் தேர்வது முக்கியம். உலாவிகளின் நிரலாளர் கருவிகள் நிறத்தைச் சொடுக்கியதும் இதைக் காட்டிவிடுகின்றன.

இவ்வளவையும் வைத்து என் தேர்வுகளைச் சொல்கிறேன். மூவருக்கு மேற்பட்டவர்கள் ஒரே வரைவில் தினமும் கைவைக்கும் அணி ஃபிக்மாவை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒவ்வொரு மாத முடிவிலும் சின்னங்களையும் ஐகான்களையும் எஸ்விஜி-யாகவும், பக்கங்களைப் பிடிஎஃப்-ஆகவும், நிறம், இடைவெளி, எழுத்தளவு ஆகியவற்றின் மதிப்புகளை வெறும் உரைக் கோப்பாகவும் இறக்கி வைப்பதைக் கடமையாக்கிக்கொள்ள வேண்டும். நீண்டகாலம் காக்கவேண்டிய பொதுச்சேவைத் தளங்களையும், தரவு வெளியே போகக் கூடாத நிறுவனங்களையும் கையாள்பவர்களுக்குப் பென்பாட்டை உறுதியாகப் பரிந்துரைப்பேன். தனியாக வேலை செய்து, சிஎஸ்எஸ் அறிந்தவர் உலாவியோடு இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் சேர்த்துக்கொண்டால் எந்தச் சந்தாவும் தேவைப்படாது. புகைப்படமும் அச்சும் வலையும் ஒரே கையில் என்றால் அடோபி. வேலை தேடும் இளைஞர்கள் விளம்பரத்தில் உள்ள கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். அதோடு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் கற்றுவிடுங்கள். அடுத்த விளம்பரத்தில் கருவியின் பெயர் மாறியிருந்தாலும் அவை இரண்டும் உங்கள் கையை விட்டுப் போகா.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் இப்படிச் சோதித்துப் பாருங்கள். இலவசச் சோதனைக் காலத்தில், கற்பனைப் பக்கமாக இல்லாமல் நீங்கள் உண்மையிலேயே முடித்துக் கொடுக்கவேண்டிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பு உரை வேண்டாம், உண்மையான உரையையும் மிக நீளமான தலைப்பையும் இடுங்கள். ஐந்தாம் நாள் அதை வெளியே ஏற்றுமதி செய்து, அந்த மென்பொருளிலிருந்து வெளியேறி, இணைய இணைப்பையும் துண்டித்துவிட்டு, உங்களிடம் உள்ள வேறு ஏதாவது ஒரு நிரலில் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு நிறத்தையும் ஒரு சொல்லையும் மாற்ற முயலுங்கள்.